இரண்டு தெற்குகள் இருந்த கூடம்

இந்த ஆண்டு நம் அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழிகாட்டிப் பலகைகளை வடிவமைத்திருக்கிறேன். மருத்துவமனைகள், கல்லூரிகள், ஒரு பேருந்து நிலையம் என்று நன்றாக அமைந்த வேலைகள் சில உண்டு. அவற்றின் படங்கள் உங்கள் மேசைகளுக்கு எதிரே சுவரில்தான் இருக்கின்றன. எழுத்தின் உயரம், நிறங்களின் வேறுபாடு, அம்புக்குறியின் தடிமன் ஆகியவை பற்றி என்னைவிட நீங்கள் நன்றாகவே படித்திருக்கிறீர்கள். ஆகவே சுவரில் படம் மாட்டப்படாத ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதில் தொடக்கம் முதல் முடிவுவரை எனக்கு எதுவும் சரியாகப் புரியவில்லை. புரியாத நிலையில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

ஆரல்வாய்மொழிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று புதிய அலுவலகம் கட்டியிருந்தது. அதுவரை ஒரு வாடகை வீட்டின் சிறு அறைகளில் இருந்தவர்கள் ஒரே கூடத்துக்குக் குடிவந்தார்கள். தடுப்புச் சுவர் கிடையாது, கோப்பு அறை ஒன்றைத் தவிர வேறு அறை கிடையாது. நூறு பேருக்கு மேல் வரிசை வரிசையாக ஒரே தளத்தில். நாற்புறமும் கண்ணாடி. ஆனால் அந்தக் கணவாயில் வீசும் காற்றையும் புழுதியையும் பிற்பகல் வெயிலையும் உங்களுக்குத் தெரியும். வந்த முதல் வாரமே எல்லாச் சன்னல் திரைகளையும் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் காலையா மாலையா என்று சொல்ல முடியாது.

அங்கு நிர்வாகம் பார்த்த ஜெபின் முப்பத்தைந்து வயதுக்காரர். வளைகுடாவில் பெரிய கட்டடங்களைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவர். முதல் சந்திப்பிலேயே வேலையை ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

"மேடம், வாறவன் ஒரு ஆளுட்டயும் கேக்காம போய்ச் சேரணும். அவ்வளவுதான்."

"ஒருத்தர்கிட்டயும் கேட்காம என்றால், வரவேற்பு மேசை?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தலைமை ஆபீஸ்ல சொல்லியாச்சு மேடம். நாலு வாரம் சோதனை. போர்டு வேல செய்துன்னா அந்த மேசை வேண்டாம்னு."

அந்த மேசையில் லீலாபாய் இருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. பழைய வீட்டு அலுவலகத்தில் தொடங்கி பதினாறு ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் இருந்தவள். மகள் மார்த்தாண்டத்தில் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. இவ்வளவையும் நான் தெரிந்துகொண்டது, வேலை தொடங்கும்முன் இரண்டு நாட்கள் அவள் பின்னாலேயே நடந்தபோது. யாருடைய வேலையை நம் பலகை எடுத்துக்கொள்ளப் போகிறதோ அவர் பின்னால் முதலில் நடக்க வேண்டும் என்பது நான் வைத்திருந்த வழக்கம்.

அவள் செய்தது எளிய வேலையாகத் தெரிந்தது. காற்றாலைக்கு நிலம் கொடுத்த விவசாயிகள், உதிரிபாகம் கொண்டுவரும் ஓட்டுநர்கள், ஒப்பந்தக்காரர்கள் என்று நாளுக்கு இருபது முப்பது பேர் வருவார்கள். "வாருங்க, என்ன விஷயமா வந்திய?" என்பாள். அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே எழுந்து, முன்னால் நடந்து, உரிய ஆளின் மேசைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவாள். கையை நீட்டி வழி சொன்னதை அந்த இரண்டு நாளில் நான் பார்க்கவில்லை. முழங்கால் வலி இருந்தது. ஆனாலும் நடந்தாள்.

"அக்கா, ஒங்க போர்டு வந்தா நான் வீட்டுல காலு நீட்டி இருக்கலாம்னு ஜெபின் சார் மறைமொகமா சொல்லியாச்சு" என்றாள் இரண்டாம் நாள், தேநீர் குடிக்கும்போது. "எனக்கு ஒரு கோபமும் இல்ல கேட்டியளா. ஆனா செய்தா நல்லா செய்யுங்க. அரையும் கொறையுமா செய்து, வாறவனும் அலைஞ்சு, எனக்க வேலையும் போச்சுன்னா அதுதான் வருத்தம்."

நான் தேநீரைக் குடித்துவிட்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். 

கூடத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, நான்கு நிறங்கள் கொடுத்தேன். கூரையிலிருந்து தொங்கும் பலகைகள். திருப்பம் தோறும் வலம், இடம் காட்டும் அம்புகள். நாகர்கோவிலில் நம் அலுவலகத்திலேயே தரையில் நாடா ஒட்டி, கல்லூரி மாணவர்களை வரவழைத்து, நடக்கவிட்டுப் பார்த்தோம். ஒருவர்கூட வழி தவறவில்லை. பலகைகளை மாட்டிய அன்று ஜெபின் கூடத்தின் நடுவில் நின்று நாற்புறமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், துபாய் மாதிரி இருக்கு" என்றார்.

சோதனையின் முதல் நாளே குழப்பம் தொடங்கியது.

வருகிறவர்கள் பலகையைப் பார்த்தார்கள். சரியான திசையில் பத்தடி நடந்தார்கள். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டார்கள். கேட்டபின் வழி தவறினார்கள். முதலில் இதை நான் தற்செயல் என்று எழுதினேன். மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரர் ஒருவர், ஆள்சேர்ப்புப் பிரிவு எங்கே என்று இரண்டு பொறியாளர்களிடம் கேட்டதை ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தெக்க போங்க அண்ணாச்சி, கடைசி வரிசை."

"லேய், அது மேக்குலே."

"ஒனக்கு மேக்கு. எனக்கு தெக்கு."

"ஒனக்க ஊர்ல சூரியன் எங்கலே உதிக்கும், கெணத்துக்குள்ளயா?"

"எனக்க ஊர்ல உதிக்கது இருக்கட்டும். ஒனக்கு ஒம்பது மணிக்குத்தானே உதிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஒப்பந்தக்காரரும் சிரித்துவிட்டு, முதலில் சொன்னவரின் பேச்சை நம்பி நடந்து, கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து தானாகவே வாசலுக்குத் திரும்பினார். லீலாபாய் எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நம் மாவட்டத்தில் வலம் இடம் என்று யாரும் வழி சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் இந்த ஊர்க்காரிதான். எங்கள் வீட்டிலும் உப்பு டப்பா அடுக்களையின் கிழக்கு மூலையில்தான் இருக்கிறது. ஆனால் திசையைச் சொன்னால் அது சரியாக இருக்க வேண்டும் அல்லவா? இங்கே சொல்கிறவர்கள் எல்லோரும் பிறந்த நாள் முதல் திசை பார்த்து வளர்ந்தவர்கள். தட்டச்சுப் பலகையிலிருந்து கையெடுக்காமல், தலை நிமிராமல், முழு நிச்சயத்தோடு சொன்னார்கள். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் சொன்னது தவறாக இருந்தது. கேட்டவர்கள் பலகையை விட்டுவிட்டு மனிதரின் பேச்சை நம்பினார்கள். ஏன் பாதி சரி, ஏன் பாதி தவறு என்பதற்கு என்னால் காரணம் காண முடியவில்லை.

காரணம் தெரியாதபோது வடிவமைப்பாளர்கள் செய்வதையே நானும் செய்தேன். அம்புகளைப் பெரிதாக்கினேன். தரையில் வண்ணக் கோடுகள் ஒட்டினேன். திருப்பங்களில் இன்னும் ஆறு பலகைகள் சேர்த்தேன். இரண்டாம் வாரம் முதல் வாரத்தைவிட மோசமாயிற்று. வழி தவறியவர்கள் எல்லோரும் கடைசியில் லீலாபாயின் மேசைக்கே திரும்பி வந்தார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் எழுந்து நடந்தாள். தொலைவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனதில் அப்போது என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மேசை அங்கே இருப்பதால்தான் என் பலகைகளை யாரும் மதிப்பதில்லை என்று எண்ணினேன். அவள் வேண்டுமென்றே செய்கிறாளோ என்றுகூட ஒரு பிற்பகல் முழுவதும் சந்தேகப்பட்டேன்.

அந்த வாரத்தின் அறிக்கையில் இப்படி எழுதினேன்: "வருகையாளர்கள் வரவேற்பு மேசைக்குப் பழகியிருக்கிறார்கள். மெய்யான முடிவு தெரிய வேண்டுமென்றால் சோதனைக் காலத்திலேயே மேசையை அகற்றிப் பார்ப்பது நல்லது."

திங்கட்கிழமை நான் போனபோது மேசை இருந்த இடத்தில் ஒரு செடித்தொட்டி இருந்தது. லீலாபாயைக் கோப்பு அறைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தத் தளத்தில் கதவு உள்ள இடம் அது ஒன்றுதான். பழைய வீட்டிலிருந்து வந்த பெட்டிகள் பிரிக்கப்படாமல் அங்கே கிடந்தன. சோதனை முடியும்வரை அவற்றைப் பிரித்து அடுக்கச் சொல்லியிருந்தார்கள். முடிந்தபின் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இதில் என்னை இன்னும் குழப்பியது என்னவென்றால், மேசை போனபின், வருகிறவர்களைப் பின்தொடர்ந்து நான் குறித்த தாள்களில் முடிவுகள் நன்றாயின. வழி தவறியவர்களுக்குத் திரும்பிச் செல்ல இடமில்லை. சிலர் அலைந்து கண்டுபிடித்தார்கள். அவர்களை "சென்றடைந்தார்" என்று எழுதினோம். சிலர் வெளியே போய்விட்டார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்கும் பத்தி நம் தாளில் இல்லை. ஜெபின் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணியளவில் ஒரு விவசாயி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, தொங்கும் பலகைகளை நிமிர்ந்து பார்த்தார். நான் தாளையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பத்தடி பின்னால் நடக்கத் தொடங்கினேன். இந்தப் பின்தொடர்தலின் விதி உங்களுக்கும் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கும்: எங்கே நின்றார், எங்கே திரும்பினார், எங்கே கேட்டார் என்று குறிக்க வேண்டும், உதவக் கூடாது. உதவினால் அந்தத் தாள் செல்லாது.

அவர் நீல அம்பைப் பார்த்து நடந்தார். ஓர் இளைஞனிடம் குனிந்து, "மக்கா, கண்ட்ரோல் ரூம் எங்கண?" என்று கேட்டார். அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, "தெக்க போங்க, ரெண்டு வரிசை தள்ளி" என்றான். அவர் ஒரு பக்கம் நடந்தார். அங்கே ஓர் அறையைத் தேடினார். அந்தக் கூடத்தில் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறை கிடையாது; எல்லாரையும் போல ஒரு வரிசையில் மூன்று மேசைகள். அடுத்த மேசைப் பெண்ணிடம் கேட்டார். "தெக்கால இருக்கு மாமா" என்று அவள் வேறொரு பக்கம் தலையசைத்தாள். அவர் நின்றார். வந்த வழியைப் பார்த்தார். துண்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அதை நான் பார்த்தேன். என் தாளில் "தயக்கம்" என்று எழுதினேன்.

இரண்டாம் முறையாக அதே வரிசையைச் சுற்றினார். பிறகு தேநீர் வைத்திருக்கும் மூலைக்கு வந்து நின்றார். அப்போது லீலாபாய் தண்ணீர் பிடிக்கக் குப்பியோடு கோப்பு அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, வேர்த்துக் குளிச்சு நிக்கிய? என்ன விஷயமா வந்திய?"

"கம்பி அத்து விழுந்து கெடக்கு மக்கா, எனக்க வயல்ல. தீப்பொறி பறக்கு. பழைய நம்பருக்கு அடிச்சேன், ஆரும் எடுக்கல்ல. எனக்க வீட்டுக்காரிய வரப்புல நிறுத்திட்டு வந்திருக்கேன், ஆரும் எறங்காம பாத்துக்கன்னு. ஆடு பத்திட்டு வாற பிள்ளைய உண்டு அந்த வழியா..."

லீலாபாய் அவரை எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. "எத்தனாம் நம்பர் டவரு?" என்று கேட்டாள். "நூத்திப்பதினாலு" என்றார். அவள் குப்பியைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்தின் நடுவை நோக்கித் திரும்பி, நூறு பேர் தலை நிமிரும்படி கத்தினாள்.

"லேய் அஜினே! நூத்திப்பதினாலு லைன ஆஃப் பண்ணு! கம்பி வயல்ல கெடக்கு! அந்தச் சவத்த காதுல இருந்து எடுலே முதல்ல!"

கட்டுப்பாட்டு மேசையில் இருந்த அஜின் ஹெட்போனோடு எழுந்து, அதை இழுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தான். மின்தடத்தை நிறுத்தினார்கள். வயலுக்கு வண்டி போயிற்று. அந்த அம்மாள் வரப்பில் கையை விரித்து நின்றபடி, ஆடுகளையும் இரண்டு சிறுமிகளையும் மறித்து வைத்திருந்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

என் தாளில் பதினொரு நிமிடம் என்று இருந்தது. நான்கு தவறான திருப்பங்கள். மூன்று இடங்களில் நின்றது. எல்லாம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தன.

அவருக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தபோது, வந்தவுடன் ஏன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கேட்க உரிமை இருந்ததா என்பது வேறு.

"இம்புட்டுப் பேரு சத்தமில்லாம இருந்து வேல பாக்காவ. கோயிலுக்குள்ள கேறுனது போல இருந்திச்சு" என்றார். "சத்தம் போட மனசு வரல்லம்மா. போர்டு தொங்குதே, அதப் பாத்தே போயிரலாம், ஒரு ஆளயும் எடஞ்சல் பண்ண வேண்டாம்னு நெனச்சேன்."

இதைக் கேட்டபின் நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். மனிதரிடம் பேசாமலே போய்ச் சேரலாம் என்று நான் மாட்டிய பலகைகள் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தன. தொண்டையில் இருந்த செய்தியை அவர் விழுங்கிக்கொண்டு அம்புகளின் பின்னால் நடந்திருக்கிறார். அவர் பின்னால் நான்.

நீங்கள் கேட்கக்கூடும்: அப்படியானால் பின்தொடரும்போது எப்போது தாளைக் கீழே வைக்க வேண்டும்? எனக்கு விதி எதுவும் தெரியாது. தடுமாறுகிற ஒவ்வொருவருக்கும் உதவினால் நம்முடைய பிழை நமக்குத் தெரியாமலே போகும், அதுவும் உண்மை. ஆனால் ஒரு கை நடுங்குவதைப் பார்த்து, அதற்குரிய சொல்லைத் தேடி எழுதிவிட்டுத் தொடர்ந்து நடந்தேன் அல்லவா, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். அங்கே ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் அது அவருடையது அல்ல.

பிற்பகல் கோப்பு அறைக்குப் போனேன். லீலாபாய் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் தெற்கு என்கிறார்களே, ஏன் ஆளுக்கொரு பக்கம் காட்டுகிறார்கள் என்று, மூன்று வாரங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதை, அன்றுதான் கேட்டேன்.

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "இந்த ஹாலுக்கு ரெண்டு தெக்கு உண்டு அக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

"எப்படி?"

"ரோடு கோணலாட்டுல்லா போகுது. கட்டடமும் அதுக்கு ஒத்தாப்புல கோணலா நிக்கி. அசல் தெக்கு அந்த மூலைத் தூணு. தூணு பக்கமா நடக்க வழி உண்டா? அதனால பைக்குல வந்து முன்வாசல்ல கூடி கேறுகவன், தூணுக்கு அங்கண உள்ள சொவரத் தெக்குன்னு வச்சுக்கிட்டான். கம்பெனி வேன்ல வந்து பொறவாசல்ல எறங்குகவன், இங்கண உள்ள சொவரத் தெக்குன்னு வச்சுக்கிட்டான். தெரையும் எறக்கிக் கெடக்கு. மலை கண்டாத்தானே சரிபண்ணுவான்? எனக்கு வந்த புதுசுல நாலு நாளு தலை சுத்திப் போச்சு. பின்ன நான் ஆருட்டயும் தெசை சொல்லுகது இல்ல. எந்திச்சு கூட நடந்திருவேன்."

கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். தெற்கு என்று அது காட்டியது அவள் சொன்ன தூணைத்தான். மூன்று வாரங்களாக என் பையிலேயே அது இருந்தது.

அதற்குப் பிறகும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். யார் எந்தத் தெற்குக்காரர் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் இடைமறித்து, மேசையை எடுக்கச் சொன்னது தலைமை அலுவலகம் அல்ல, நான்தான் என்று சொன்னேன். அறிக்கையில் எழுதிய வரியை அப்படியே சொன்னேன். அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று சந்தேகப்பட்டதையும் சொன்னேன்.

 பிரித்த பெட்டியின் மூடியை அவள் எடுத்து மறுபடியும் மூடினாள்.

"ரெண்டு நாளு எனக்க பொறத்தாலயே நடந்தியளே" என்றாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லியா? நான் எந்திச்சு நடக்கது எதுக்குன்னு."

 நடக்கிறாள் என்று எழுதினேன்; எதற்கு என்று எழுத என் தாளில் இடம் வைக்கவில்லை. அவள் பின்னால் நடப்பதே அவளைப் புரிந்துகொள்வது என்று எண்ணியிருந்தேன்.

மறுநாள் ஜெபினிடம் சொல்லி மலைப்பக்கத்துத் திரைகளை மட்டும் ஏற்றிவைக்கச் செய்தேன். கண்ணாடிக்கு வெளியே மலையும் சுழலும் காற்றாலைகளும் தெரிந்தன. நண்பகலுக்குள் கூடம் முழுவதும் ஒரே வாக்குவாதம். "அப்பம் இத்தன நாளு நான் வடக்க பாத்தா இருந்து சோறு தின்னேன்?" என்று ஒருவர் எழுந்து நின்று கேட்டது நினைவிருக்கிறது. பலகைகளில் வண்ணங்களை எடுத்துவிட்டு, பிரிவுகளை மக்கள் சொல்லும் பெயரிலேயே எழுதி, மேசைகளின் மேலேயே தொங்கவிட்டோம். மலைப்பக்கம், சாலைப்பக்கம் என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு திசை எழுதவில்லை. வழி தவறுவது வெகுவாகக் குறைந்தது. முழுவதும் நிற்கவில்லை.

இனி இறுதி அறிக்கை. ஜெபின் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், கம்பி விஷயம் இதுல வேண்டாம். லைன் ஆஃப் ஆயாச்சு, ஆருக்கும் ஒண்ணும் ஆகல்ல. இப்பம் போர்டும் நல்லா வேல செய்யுது. அத மட்டும் எழுதுங்க."

"அப்படி எழுதினால் மேசை போய்விடும்."

"போகும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் வருத்தம்தான். நான் வேல பாத்த எடத்துல எல்லாம் இப்பிடித்தான் மேடம். நீங்க அதையும் எழுதுனா முதல்ல ஒங்களுக்க பேருதான் கெடும். பதினொரு நிமிஷம் பின்னால நடந்தியன்னு எழுதப் போறியளா?"

அவர் என்னை மிரட்டவில்லை. என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. திருத்திய பலகைகள் நன்றாகவே இருந்தன. அவற்றின் வெற்றியை மட்டும் எழுதினால் அதில் ஒரு பொய்கூட இருக்காது. ஒரு பிற்பகல் முழுவதும் எழுதி எழுதி அழித்தேன். பேரெல்லாம் எனக்குப் பெரிதல்ல என்று உங்களிடம் சொல்ல விருப்பம்தான். ஆனால் அப்போது பெரிதாகவே இருந்தது. ஓய்வுபெற ஓராண்டே இருந்தது. கடைசி வேலைகளில் ஒன்று கறைபடுவதை யார் விரும்புவார்?

இறுதியில் எழுதினேன். விவசாயி வந்தது, பதினொரு நிமிடம், தயக்கம் என்று குறித்தது, இரண்டாம் வாரத்தில் நான் தந்த ஆலோசனை தவறானது, அதற்குக் காரணம் நான் கேட்க வேண்டியவரிடம் கேட்காதது, எல்லாம். எதற்கு வந்தாய் என்று ஒரு பலகையால் கேட்க இயலாது, ஆகவே அந்த மேசையை அகற்ற வேண்டாம் என்று முடித்தேன். மூன்று வாரங்கள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வரவேற்பு மேசை தொடரும் என்று ஒரு வரி. நம் நிறுவனத்துக்கு அவர்களிடமிருந்து அதற்குப்பின் எந்த வேலையும் வரவில்லை. நான் செய்தது சரிதானா என்று அன்று நம்மிடையே சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

வரைபடங்களை ஒப்படைக்கக் கடைசியாக ஒருமுறை அங்கே போனேன். செடித்தொட்டி இல்லை. மேசை பழைய இடத்திலேயே இருந்தது, லீலாபாய் எழுதிக்கொண்டிருந்தாள். நான் நேரே உள்ளே போயிருக்கலாம். அந்தத் தளத்தின் ஒவ்வொரு வரிசையையும் நான் அளந்திருக்கிறேன். ஆனாலும் அவளைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாருங்க மேடம். என்ன விஷயமா வந்திய?"

அன்றுவரை அக்கா என்று அழைத்தவள்.

ஜெபின் சாரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் இன்னும் வலித்திருக்க வேண்டும்; முதல் இரண்டு அடிகளை மெல்ல வைத்தாள். பிறகு எனக்கு முன்னால், ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வருகிறேனா என்று நின்று பார்த்து, கூடத்தின் மறுகோடி வரை நடந்தாள். நான் மாட்டிய பலகைகளின் கீழே அவள் பின்னால் போனேன். ஜெபினின் மேசை வந்ததும், "இவியதான், பாத்துக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அது எனக்குக் கிடைத்த தண்டனையா, மரியாதையா, அல்லது வாசலில் வந்து நிற்கும் எல்லோருக்கும் அவள் செய்கிற வேலையா என்று எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.